‘இல்லை’ என்றும் எழுதுங்கள்

கூடங்குளத்தில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் வெளியில் நின்று பேசுவதென்றால் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வருகிற மேல்காற்று அப்படி அடிக்கும். பனையோலைச் சலசலப்பு ஒரு பக்கம், காற்றாலைக் காற்றாடிகளின் இரைச்சல் ஒரு பக்கம். குருவிச் சத்தம் காதில் விழவே விழாது. ஆவணி பிறந்தபின் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். முதலில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓயும். அப்புறம் ஏழு மணி, எட்டு மணி வரைக்கும் ஓய்ந்து கிடக்கும். அந்த ஓய்வில்தான் தூர தேசத்துக் குருவிகள் எங்கள் ஊருக்கு வந்து இறங்குகின்றன.

இருபது வருடத்துக்கு மேலாக அந்த வரவை நோட்டில் எழுதி வருகிறேன். சமீபமாகச் சில பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, “தாத்தா, நாங்களும் எழுதணும், எப்படி ஆரம்பிக்க?” என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னதை ஒருதரம் எழுதியும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்காவதை மட்டும் மறக்காதீர்கள்.

1. காலண்டரைத் திருப்பிப் பிடியுங்கள். பறவைப் புத்தகங்களில் பல குளிர்தேசத்தில் எழுதப்பட்டவை. வசந்தம் வந்தால் முதல் குருவி வரும் என்று அவற்றில் இருக்கும். அங்கே அது சரிதான். பனி உருகி, பூச்சி பெருகும்போது கூடு கட்ட வருகிற குருவி அது. அதே குருவி குஞ்சு பொரித்து முடித்து, அங்கே குளிர் தொடங்கும்போது நம்மிடம் வருகிறது. ஆகவே நமக்கு வரவு மாதங்கள் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பங்குனியும் சித்திரையும் வழியனுப்பும் மாதங்கள். நம் முன்னோருக்கு இது தெரிந்த சங்கதி. சத்திமுத்தப் புலவர் தன் மனைவிக்குத் தூது விட்டது, தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பப்போகிற நாரையைத்தான். அந்தக் குமரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் இருப்பது நிலம் முடிகிற இடத்தில். வடக்கே ஒரு குருவி வந்த தேதியைப் பார்த்துவிட்டு இங்கேயும் வந்திருக்கும் என்று எழுதிவிடக் கூடாது. அது இங்கே வந்து சேர வழியில் இன்னும் எத்தனையோ குளமும் காடும் மலையும் இருக்கின்றன.

2. எந்த ஊர் என்பதைத் திருத்தமாக எழுதுங்கள். கூடங்குளம் வேறு, கூந்தன்குளம் வேறு. முதலாவது ராதாபுரம் வட்டத்தில் கடலோரம். இரண்டாவது நாங்குநேரி வட்டத்தில், நேர்கோட்டில் பார்த்தாலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு 2022-ல் வந்தது. கூழைக்கடாவும் நாரையும் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகிற ஊர் அது. வெளியூர்க்காரர்கள் இந்த இரண்டு பெயரையும் போட்டுக் குழப்புவார்கள். குளத்துப் பறவை ஒன்று பனங்காட்டில் பதிவானால், பத்து வருடம் கழித்து அந்த வரியைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஊர், அதில் எந்தக் குளத்தங்கரை, எந்த ஓடை, என்ன மரம், இவ்வளவும் வேண்டும்.

3. ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் வழி வீட்டிலிருந்து குளத்தங்கரை, அங்கிருந்து உடைமரக் காட்டு ஓரமாக, பிறகு பனங்காட்டுக்குள் கருப்பட்டி காய்ச்சுகிற ஒரு பழைய விடிலி வரைக்கும், திரும்பி வீடு. முக்கால் மணி நேரம். வேறு இடத்தில் என்ன அதிசயப் பறவை வந்ததாகச் சொன்னாலும் இந்த வழி முடிந்த பிறகுதான் அங்கே போவேன். அழகான இடமாகத் தேட வேண்டாம். தினமும் போக முடிகிற இடமாக இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையே போதும். அணுமின் நிலையத்துச் சுற்றுச்சுவர் பக்கமோ விஜயநாராயணம் கடற்படை நிலையத்துப் பக்கமோ பைனாகுலரும் கேமராவுமாக நிற்காதீர்கள். அவை பாதுகாப்புப் பகுதிகள். காவலில் இருப்பவர்கள் கேட்கிற கேள்விக்கு, குருவி பார்க்கிறேன் என்ற பதில் செல்லாது.

4. ‘இல்லை’ என்றும் எழுதுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பையன் வந்து, “தாத்தா, புரட்டாசி பத்தாம் தேதி பழுப்புக் கீச்சான் வந்திடுச்சு” என்றான். முகமெல்லாம் மலர்ச்சி. “ஒன்பதாம் தேதி பார்த்தியா?” என்று கேட்டேன். அன்றைக்குப் போகவில்லையாம். எட்டாம் தேதி? அன்றைக்கும் இல்லை. அதற்கு முந்திப் போனது ஆவணியில். அப்படியானால் அந்தக் கீச்சான் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி பத்து வரைக்கும் எந்த நாளிலும் வந்திருக்கலாம். புரட்டாசி பத்து அந்தப் பையன் வந்த நாள். குருவி வந்த நாள் எதுவென்று அவன் நோட்டுக்குத் தெரியாது.

முதல் தேதிக்கு உயிர் கொடுப்பது அதற்கு முந்தின வெறும் நாட்கள்தான். போனேன், முக்கால் மணி நேரம் நடந்தேன், எல்லா உடைமரத்தையும் பார்த்தேன், கீச்சான் இல்லை. இப்படி ஏழெட்டு நாள் ‘இல்லை’ எழுதி, ஒன்பதாம் நாள் ‘இருந்தது’ என்று எழுதினால், அந்த ஒரு வார்த்தையை யாரும் அசைக்க முடியாது. ஆரம்பத்தில் இது மனசுக்குச் சங்கடமாக இருக்கும். ஒன்றுமே பார்க்காததை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். எனக்கும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் தோன்றியது. அந்த மூன்று வருட நோட்டில் நல்ல நல்ல பறவையெல்லாம் இருக்கிறது. ஆனால் வரவுத் தேதி என்று எடுத்துச் சொல்ல ஒன்றுகூடத் தேறாது.

என் நோட்டில் மூன்றே வார்த்தைகள்: இருந்தது, இல்லை, பார்க்கவில்லை. பின்னிரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. காய்ச்சலாகப் படுத்திருந்த நாள் ‘பார்க்கவில்லை’. போய்த் தேடியும் கிடைக்காத நாள் ‘இல்லை’. இரண்டையும் கலந்தால் நோட்டு கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவர் நோட்டில் எல்லாக் குருவியும் ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வருடம் நீங்கள் ஒருவர் மட்டும் பார்க்கிறீர்கள், அடுத்த வருடம் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கிறீர்கள். அடுத்த வருடம் முதல் தேதி முந்திவிடும். உடனே, பருவம் மாறிவிட்டது, குருவி முன்கூட்டியே வருகிறது என்று சொல்லிவிடாதீர்கள். கண் கூடியதால் தேதி முந்தியது. எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த வழி என்று கூடவே எழுதியிருந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

5. அன்றைக்கே எழுதுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால். வாட்ஸ்அப்பில் போட்ட படம் பதிவாகாது. செல்போன் மாறினால் அதுவும் போய்விடும்.

6. ஐந்து குருவிகளோடு ஆரம்பியுங்கள். முதல் வருடமே ஐம்பதைக் கட்டி இழுக்க வேண்டாம். நம் பக்கத்துக்கு நான் சொல்கிற ஐந்து இவை.

தகைவிலான். கரண்ட் கம்பியில் வரிசையாக உட்காரும். வரவில் முந்துகிற குருவிகளில் ஒன்று. தொண்டை செங்கல் நிறம், அதற்குக் கீழே கருநீலப் பட்டை, வயிறு வெளுப்பு, வால் இரண்டாகப் பிளந்து ஓரம் கம்பி போல நீண்டிருக்கும். இளசுகளுக்கு அந்தக் கம்பி குட்டை. இதில் நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன். ஒரு வருடம் ஆடி பிறந்த கையோடு தகைவிலான் வந்துவிட்டது என்று எழுதி, நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். மறுநாள் காலை அது பாலத்தடியிலிருந்து வெளியே வந்து திரும்பியபோது பிட்டம் செம்பழுப்பாகத் தெரிந்தது. செம்பிட்டத் தகைவிலான். இங்கேயே பாலத்துக்கு அடியில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுகிற உள்ளூர்க்காரன். முந்தின நாள் வரியை ஒரே கோட்டால் அடித்து, கீழே காரணம் எழுதி, நாலு பேரிடமும் போய்ச் சொன்னேன். நீங்களும் தப்பைக் கோடு போட்டு அடியுங்கள். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

வாலாட்டி. இதிலும் உள்ளூர்க்காரன் உண்டு. வெண்புருவ வாலாட்டி குளத்தங்கரையில் வருடம் முழுக்க இருக்கும். கருப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக இருக்கும். வெளியிலிருந்து வருகிறவற்றில் முதலில் இரண்டைப் பழகுங்கள். வயலிலும் மாட்டுக்குப் பின்னாலும் நடக்கிற மஞ்சள் வாலாட்டி ஒன்று. ஓடுகிற தண்ணீரை விட்டு அதிகம் விலகாத கரும்சாம்பல் வாலாட்டி இன்னொன்று. சாம்பல் என்ற பெயரை நம்பி வயிற்றைப் பார்த்தால் அதுவும் மஞ்சளாக இருக்கும். முதுகையும் வாலையும் பாருங்கள். முதுகு சாம்பல், வால் உடம்பைவிட நீளமாகத் தோன்றும். கூடங்குளத்து வறண்ட நிலத்தில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை. பாபநாசத்துப் படித்துறை, மணிமுத்தாற்று வாய்க்கால் என்று தாமிரபரணிப் பக்கம் போனால் ஆவணிக் கடைசியிலிருந்தே தேடலாம்.

பழுப்புக் கீச்சான். முகமூடி கட்டியது போலக் கண்ணில் கருப்புப் பட்டை, முதுகு பழுப்பு, வயிறு வெளிர். மரத்தின் உச்சியிலோ வேலிக்கம்பியிலோ தனியாக உட்காரும். வந்த புதிதில் இடம் பிடிப்பதற்காகக் கரகரவென்று கத்தும். காலில் வளையம் போட்டுப் பார்த்தவர்கள் கண்டது, அதே பறவை வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்புகிறது என்பது. என் வழியில் ஒரு குடை போன்ற உடைமரத்துக்குப் பல வருடமாக ஒரு கீச்சான் வருகிறது. காலில் வளையம் இல்லாததால் அதே பறவைதான் என்று நான் எழுத மாட்டேன். ‘அதே மரம்’ என்று மட்டும் எழுதுவேன்.

பிளித் நாணல் கதிர்க்குருவி. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத குருவி. ஆலிவும் பழுப்பும் கலந்த ஒரே நிறம். பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. ஒரு ரூபாய்க் காசு மூன்றைச் சேர்த்துக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் கனம். பின்லாந்திலிருந்து சைபீரியா வரைக்கும் உள்ள புதர்களில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு நம் துணைக்கண்டத்துக்கு வருகிறது. நம் வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள் ஆறு ஏழு மாதம் குடியிருக்கும். நான் எழுதுகிற எல்லாக் குருவியிலும் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். காசு மூன்று கனமுள்ள உயிர் அவ்வளவு தூரம் கடந்து வந்து, நம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எறும்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது சூறைக்குருவி. ரோஜா நிற உடம்பும் கருப்புத் தலையுமாக மைனாக் கூட்டம் போல வரும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்க்கிற இனம். கூட்டமாக வருவதால் அடையாளம் எளிது. எண்ணுவதுதான் கஷ்டம். பத்தை எண்ணி, அந்த அளவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மீதியை அளந்து பழகுங்கள்.

7. காது முந்தும், கண் பிந்தும். இங்கே வருகிற குருவிகள் பெரும்பாலும் பாடுவதில்லை. பாட்டு கூடு கட்டுகிற இடத்துக்கு உரியது. இங்கே இருப்பது ஒற்றைச் சத்தங்கள்தான். நாணல் கதிர்க்குருவி ‘டக்… டக்’ என்னும், இரண்டு கூழாங்கல்லை ஒன்றோடொன்று தட்டினது போல. வாலாட்டி தலைக்கு மேலே அலை அலையாகப் பறந்து போகும்போது ‘சிட்சிட்’ என்னும். ஆவணியிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். வேலிக்குள் ஒளிந்துகிடக்கிற கதிர்க்குருவியைப் பல நாள் நான் பார்ப்பதே இல்லை. ‘இருந்தது’ என்று எழுதி, பக்கத்தில் ‘கேட்டது’ என்று குறிப்பேன். பார்த்ததற்கும் கேட்டதற்கும் தனித்தனிக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பிறந்தால் ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. அதே கதிர்க்குருவி போவதற்கு முன்னால் வேலிக்குள்ளிருந்து மெதுவாகப் பாட ஆரம்பிக்கும். விட்டு விட்டு, வேறு பறவைகளின் சத்தத்தையும் இடையில் கலந்து பாடும். வடக்கே ஏதோ ஒரு காட்டோரத்தில் முழுத் தொண்டையில் கேட்கப்போகிற பாட்டின் ஒத்திகையை நாம் கொல்லைப்புறத்தில் கேட்கிறோம்.

8. காற்றாடியின் முகத்தைப் பாருங்கள். காற்றாடித் தலை காற்று வருகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஆடியில் நம் ஊர்க் காற்றாடிகள் எல்லாம் மேற்கே பார்த்து நிற்கும், அது கச்சான். வாடை பிடித்தபின் வடகிழக்கே பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இறக்கை அசையாமல் நிற்கிற நாட்கள் உண்டு. அந்த நாட்களின் காலையைத் தவறவிடாதீர்கள். சிறு குருவிகளில் பல இரவில்தான் பயணம் செய்கின்றன, நட்சத்திரத்தையும் பூமியின் காந்தப் புலத்தையும் வழிகாட்டியாக வைத்து. இரவில் திடீரென்று மழை பிடித்தால் அவை இருக்கிற இடத்தில் இறங்கிவிடும். ஐப்பசி மழை விட்ட விடியலில், முந்தின நாள் வெறிச்சென்று கிடந்த காட்டோரம் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தினமும் காற்றின் திசை, மழை உண்டா இல்லையா, இந்த இரண்டையும் ஒரு வரியில் எழுதுங்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் சின்னப் பிள்ளைக்கும் கொண்டல் எது, கச்சான் எது, வாடை எது என்று தெரியும்.

மொட்டைமாடியில் விடிய விடிய எரிகிற விளக்கை இந்த வரவு மாதங்கள் மூன்றிலாவது அணைத்து வையுங்கள். இரவில் பறக்கிற குருவியை வெளிச்சம் வழிமாற்றி இழுத்துவிடும்.

9. ஆறுமணிக் குருவி உங்கள் வீட்டுக்குள் வந்தால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டுகிற குருவி இது. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் வந்து சேரும். கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகும். காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர். பாடும் பறவைகள் என்ற வகுப்புக்குள் இது சேராது, குருவி வரிசையில் வேறொரு கிளை என்று படித்தவர்கள் பிரித்துச் சொல்வார்கள். இருக்கட்டும். ஐப்பசியில் அந்தச் சீழ்க்கையைக் கேட்ட யாரும் அதை நோட்டிலிருந்து விலக்க மாட்டார்கள்.

ஒரு ஐப்பசி விடியலில் என் பேத்தி பின்வாசலிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குருவி கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை. இறக்கைத் தோளில் நீலம். வயிற்றடியில் குங்குமம் கொட்டினது போலச் சிவப்பு. கண்ணை மறைத்துக் கருப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைக் கோடு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. இரவெல்லாம் பறந்து வந்து சுவரில் மோதியிருக்க வேண்டும். பேத்தி ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து வாயில் ஊற்றப் போனாள். தடுத்தேன். மயங்கின குருவிக்கு வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

மளிகைக் கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஆணியால் துளை போட்டு, அடியில் பழைய துண்டை விரித்து, குருவியை இரண்டு கையாலும் மூடினாற்போல எடுத்து உள்ளே வைத்து மூடினேன். கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. பெட்டியை இருட்டான மூலையில் வைத்து, பூனை போகாதபடி கதவைச் சாத்தினோம். யாரும் திறந்து பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் உள்ளே அங்குமிங்கும் தத்துகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வேப்பமரத்தடியில் பெட்டியைச் சாய்த்து வைத்துத் தள்ளி உட்கார்ந்தோம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வெளியே வந்து, இரண்டு தத்துத் தத்தி, ஒரு சருகைப் புரட்டி அடியில் எதையோ எடுத்து விழுங்கியது. அதைப் பார்த்தபோது என் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டது.

இறக்கை ஒடிந்தோ ரத்தம் கசிந்தோ இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டு போங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்ள ஆசை வரும். 1972-ம் வருடத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்.

10. கொடிக்காலுக்குப் போங்கள். தமிழில் கொடிக்கால் வாலாட்டி என்று ஒரு குருவி உண்டு. கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும். நெஞ்சில் இரண்டு கருப்புப் பட்டை. வெட்டவெளிக்கு வராது, நிழலும் ஈரமும் சருகும் உள்ள இடம் வேண்டும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிழலும் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் அங்கே வரும். அதைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் கொடிக்காலில் குனிந்து வேலை செய்த நம் ஆட்கள். தாமிரபரணி கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முந்தி இருக்கிற ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஐப்பசியில் ஒரு காலை போய்விட்டு வாருங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். வரப்பை மிதிக்கக் கூடாது.

11. செல்போனில் குருவிச் சத்தத்தைப் போட்டுக் குருவியைக் கூப்பிடாதீர்கள். வந்து இறங்கினவுடன் அதற்கு வேண்டியது தீனியும் ஓய்வும். இல்லாத எதிரியைத் தேடி அலைய விடுவது கொடுமை. அப்படி வரவழைத்த குருவியை என் நோட்டில் நான் சேர்ப்பதில்லை.

12. ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், ஆனால் பதிலைச் சொல்லிக்கொடுத்துக் கேட்காதீர்கள். ஆடு மேய்க்கிற அண்ணாச்சிக்கு உங்களைவிட அதிகம் தெரியும். “கீச்சான் வந்துட்டா அண்ணாச்சி?” என்று கேட்டால், பிள்ளை ஆசையாகக் கேட்கிறதே என்று “வந்துட்டு” என்பார். “புதுசா எதுவும் குருவி கண்ணில் பட்டுதா அண்ணாச்சி?” என்று கேட்டு நிறுத்துங்கள். அவர் நிறத்தையும் சத்தத்தையும் சொல்வார். அதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவர் சொன்னது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் நீங்களே போய்ப் பாருங்கள். பனையேறுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே. பதனீர்க் காலம் குருவிகள் கிளம்புகிற காலத்தோடு சேர்ந்து வரும். அவர்கள் பனை உச்சியிலிருந்து பார்ப்பது நாம் தரையிலிருந்து பார்க்க முடியாதது.

13. உங்கள் நோட்டைத் தனியாக விடாதீர்கள். 2007-ல் பெங்களூரைச் சேர்ந்தவர்கள் மைக்ரன்ட்வாட்ச் என்ற பெயரில், வலசைப் பறவை முதலில் கண்ணில் பட்ட தேதியையும் கடைசியில் பட்ட தேதியையும் நாடு முழுவதும் பொதுமக்களிடமிருந்து திரட்டத் தொடங்கினார்கள். இப்போது அந்த வேலையை இபேர்ட் தளத்தில் செய்யலாம். அதில் பட்டியல் போடும்போது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால், எழுதாத பறவை கண்ணில் படவில்லை என்று அதுவே பொருள்படும். நான் நோட்டில் ‘இல்லை’ என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். மணிமுத்தாற்றிலிருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011-லிருந்து ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அது வரவுத் தேதிக்கு உதவாது. கண்ணும் கையும் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

தமிழில் கையில் வைத்துக்கொள்ள க்ரியா வெளியிட்ட, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்’ கையேடு போதும். மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ படியுங்கள். 1912-ல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும் வரை விடவில்லை.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கத்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-ல் ஒரு நோட்டுத் தொடங்கினார். முதல் தகைவிலான், முதல் குயில், மரம் துளிர்க்கிற நாள் என்று வசந்தத்தின் அடையாளங்களைத் தன் தோட்டத்தில் பார்த்து எழுதினார். அவருக்குப் பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்த வீட்டார் 1958 வரை எழுதினார்கள். பருவநிலை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். ஒரு குடும்பத்துத் தோட்டத்து நோட்டு அது. நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், இந்தக் காற்றாடிகளும் அணு உலையும் வருவதற்கு முன்னால் எந்த மாதத்தில் எந்த உடைமரத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று இன்றைக்கு எடுத்துப் பார்த்திருப்போம். அப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம்தான் என்னை எழுத வைத்தது. இப்போது உங்கள் வழியில் ஒரு உடைமரத்தை வெட்டினால், வெட்டின தேதியையும் எழுதுங்கள். அடுத்த வருடம் கீச்சான் ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டாமா?

14. காலில் வளையம் கண்டால் எண்ணை எழுதுங்கள். 1959-ல் சாலிம் அலி முன்னின்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் கோடியக்கரை அதற்குப் பெயர்போன இடம். செத்துக் கிடந்த பறவையானாலும் காலைப் பாருங்கள். வளையத்தில் முகவரி இருக்கும். 1911-ல் இங்கிலாந்தில் வளையமிட்ட ஒரு தகைவிலான் அடுத்த வருடக் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டது. வளையத்தைப் பார்த்தவர் கடிதம் எழுதியதால்தான், இங்கிலாந்துத் தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்தது.

15. கடைசி நாளையும் பிடிக்கப் பாருங்கள். வந்த நாள் அன்றைக்கே தெரிந்துவிடும். போன நாள் அப்படியல்ல. உடைமரத்தில் கீச்சானைப் பார்க்கிறீர்கள், இதுதான் இந்த வருடத்துக் கடைசிப் பார்வை என்று அது சொல்லாது. நாலைந்து நாள் ‘இல்லை’ எழுதிய பிறகுதான் பின்னால் திரும்பிப் போய் அந்த வரிக்கு அடியில் கோடு போட முடியும். இந்த வேலையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வரவுக்கு இருக்கிற உற்சாகம் பங்குனி வெயிலில் இருக்காது. பரீட்சையும் அப்போதுதான் வருகிறது, எனக்குத் தெரியும். காலையில் அரை மணி நேரம், அந்த ஒரு மரத்தை மட்டுமாவது பாருங்கள்.

போன பங்குனிக் கடைசிப் பக்கத்தை உங்களுக்காக இதோ அப்படியே எடுத்து எழுதுகிறேன். குடை உடைமரம், பழுப்புக் கீச்சான், நாளுக்கு ஒரு வார்த்தை.

இருந்தது. இருந்தது. பார்க்கவில்லை, மூட்டுவலி. இருந்தது, வேலிக்கம்பிக்கும் மரத்துக்குமாக நிறையத் தடவை பறந்தது. இருந்தது. இல்லை. இல்லை. இல்லை, மரத்தடியில் பேத்தியும் நின்று பார்த்தாள். இல்லை.